பதின்வயதினரின் ஓயாத எண்ணச் சுழலை அளப்பது எப்படி? பள்ளி ஆலோசகர்களுக்கும் உளவியல் மாணவர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

தோழி நேற்று முகம் கொடுத்துப் பேசவில்லை, நான் என்ன தப்பு செய்தேன்? 14 வயதுப் பிள்ளைக்கு இப்படி ஒரு கேள்வி எழுவது இயல்புதான். படுத்த பிறகும் அதே கேள்வி, கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலும் அதே கேள்வி, மறுநாள் பஸ்ஸில் போகும்போதும் அதே கேள்வி என்று பதிலே இல்லாமல் சுற்றினால், எதைப் பற்றிய கேள்வி என்பதைவிட அது எப்படிச் சுற்றுகிறது என்பதே முக்கியமாகிவிடுகிறது. உளவியலில் இதை அசைபோடுதல் என்றும், சற்று விரிந்த பொருளில் திரும்பத் திரும்ப வரும் எதிர்மறைச் சிந்தனை என்றும் குறிப்பிடுகிறார்கள். பிள்ளைகளைக் கேட்டால் “மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு” என்பார்கள்.

10 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் இதை எப்படி அளப்பது என்று படிப்படியாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசைபோடுதலை அளந்தேன் என்று சொல்லும் பலர், உண்மையில் பிள்ளை எவ்வளவு சோகமாக இருக்கிறது என்பதைத்தான் அளந்திருப்பார்கள். இரண்டும் ஒட்டிப் பிறந்தவைபோலத் தெரிவதால் இந்தக் கலப்பு எளிதில் நடந்துவிடுகிறது. கருவியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து பெற்றோரிடம் பேசுவதுவரை, கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்தக் கலப்பைத் தவிர்ப்பதில்தான் என் கவனம்.

ஏன் அளக்க வேண்டும்?

1989 அக்டோபர் 17 அன்று கலிஃபோர்னியாவில் லோமா பிரியட்டா நிலநடுக்கம் வந்தது. அதற்கு 14 நாள் முன்புதான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம் உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமாவும் அவருடைய சக ஆய்வாளரும் மனச்சோர்வு பற்றியும், மனம் வாடும்போது அவர்கள் என்ன செய்வார்கள் என்பது பற்றியும் வினாத்தாள் கொடுத்து வாங்கியிருந்தார்கள். நிலநடுக்கத்துக்கு 10 நாள் கழித்தும், 7 வாரம் கழித்தும் அதே மாணவர்களை மறுபடி அளந்தார்கள். ஏற்கெனவே அசைபோடும் பழக்கம் உள்ளவர்களுக்கு, முன்பிருந்த மனச்சோர்வைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், பிந்தைய மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. துயரம் வந்தபோது அதைப் பற்றி எப்படி யோசிக்கிறோம் என்பது துயரம் எவ்வளவு நாள் தங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது என்ற நோலன்-ஹோக்செமாவின் கோட்பாட்டுக்கு இது வலுவான சான்றாயிற்று. கோட்பாட்டின் முழு வடிவம் 1991-இல் வெளிவந்தது.

பதின்வயதில் இந்தப் பழக்கம் வேர்விடுகிறது. சின்னப் பிள்ளைகளிடம் ஆண், பெண் வித்தியாசம் மிகக் குறைவு. பதின்வயதில் பெண் பிள்ளைகளின் அளவு கூடி, இடைவெளி விரிகிறது. மனச்சோர்வுக்கு மட்டுமல்ல, பதற்றத்துக்கும் தூக்கக் கெடுதலுக்கும் இதே சுழல் தீனி போடுகிறது. அதனால் எந்த நோயின் பெயரும் சூட்டுவதற்கு முன்பே பிடிக்கக்கூடிய, மாற்றக்கூடிய ஒன்று இங்கே கைக்குக் கிடைக்கிறது. அளப்பதன் பயன் இதுதான்.

முதல் படி: எதை அளக்கப் போகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

ஒரே மாதிரி தோன்றும் நான்கு விஷயங்கள் உள்ளன.

முதலாவது, குமைதல். “எனக்கு மட்டும் ஏன் இப்படி?”, “மற்றவர்களால் முடிவது என்னால் ஏன் முடியவில்லை?” என்று தன்னையே குறைசொல்லிக்கொண்டு முடிவில்லாமல் ஒப்பிடுவது. இரண்டாவது, ஆராய்ந்து பார்த்தல். நடந்ததை எழுதிப் பார்ப்பது, தனியே உட்கார்ந்து எதனால் இப்படி உணர்கிறேன் என்று அலசுவது. இது சில நேரம் நல்ல வழியும் காட்டும். மூன்றாவது, கவலை. இது பெரும்பாலும் நாளையை நோக்கியது: நீட் மதிப்பெண் வராவிட்டால், அப்பா திட்டினால், அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனால். நான்காவது, சேர்ந்து அசைபோடுதல். இரண்டு தோழிகள் ஒரே பிரச்சினையை மணிக்கணக்கில், போனிலும் நேரிலும், திருப்பித் திருப்பிப் பேசிக்கொண்டிருப்பது.

கடைசியாகச் சொன்னது பெரியவர்கள் கண்ணுக்கு நட்பாகவே தெரியும், நட்பும்தான். ஆமண்டா ரோஸ் 2002-இல் இதற்கென்றே ஒரு வினாத்தாளை உருவாக்கினார். சேர்ந்து அசைபோடும் பிள்ளைகளின் நட்பு நெருக்கமாக இருந்தது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாக இருந்தன. 2007-இல் வந்த அவருடைய தொடர் ஆய்வில், பெண் பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் நட்பையும் வளர்த்தது, பின்னாளில் துன்பத்தையும் கூட்டியது. ஆண் பிள்ளைகளிடம் நட்பை வளர்த்ததோடு நின்றது. “தோழிகளோடு நிறையப் பேசுகிறாள், அதனால் பிரச்சினை இல்லை” என்று ஆசிரியர் சொல்வதை அப்படியே ஏற்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

இந்த நான்கில் எது உங்கள் கேள்வி? அதோடு, ஒரு பிள்ளைக்கு உதவுவதற்காக அளக்கிறீர்களா, ஒரு பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒப்பிடவா, ஆய்வுக்காகவா? இந்த இரண்டுக்கும் பதிலை ஒரு பத்தியாக எழுதிய பிறகே கருவியைத் தேடுங்கள்.

இரண்டாம் படி: கருவியைத் தேர்ந்தெடுப்பது

*ஆர்.ஆர்.எஸ்.* (ருமினேட்டிவ் ரெஸ்பான்சஸ் ஸ்கேல்) அசைபோடுதலுக்கான நோலன்-ஹோக்செமாவின் அளவுகோல், 22 வாக்கியங்கள் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண்; மொத்தம் 22 முதல் 88 வரை. உலகெங்கும் அதிகம் பயன்பட்டது இதுதான், ஆனால் சிக்கலும் இதில்தான் இருக்கிறது. பல வாக்கியங்கள் சோர்வு, கவனக்குறைவு, தனிமை போன்றவற்றைப் பற்றியே கேட்பதால், மனச்சோர்வு வினாத்தாளையே வேறு பெயரில் கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. 2003-இல் டிரெய்னர், கொன்சாலெஸ், நோலன்-ஹோக்செமா மூவரும் அப்படிப்பட்ட 12 வாக்கியங்களை எடுத்துவிட்டு, மீதி 10-ஐக் குமைதல் 5, ஆராய்தல் 5 என்று இரண்டாகப் பிரித்தார்கள். 22 வாக்கிய வரிசையில் 5, 10, 13, 15, 16 ஆகியவை குமைதல். 7, 11, 12, 20, 21 ஆகியவை ஆராய்தல். அவர்களுடைய தரவில் குமைதலின் உள்ளிசைவு (வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது; 1-ஐ நெருங்கினால் நல்லது) 0.77, ஓராண்டு இடைவெளியில் மறுஅளவீட்டு ஒற்றுமை 0.62. மூத்த பதின்வயதினரிடம் இந்தக் கருவியை எடுப்பதானால் 10 வாக்கிய வடிவத்தையே எடுங்கள், இரண்டு பிரிவுகளையும் தனித்தனியே கணக்கிடுங்கள். கூட்டி ஒரே எண்ணாக்கினால் பிரித்ததன் பயனே போய்விடும்.

*சி.ஆர்.எஸ்.கியூ.* (சில்ட்ரன்ஸ் ரெஸ்பான்ஸ் ஸ்டைல்ஸ் கொஸ்சனேர்) ஜான் ஏபலா குழுவினர் சிறுவர்களுக்காக உருவாக்கியது. 25 வாக்கியங்களில் 13 அசைபோடுதல், 7 கவனத்தைத் திருப்புதல், 5 பிரச்சினையைத் தீர்த்தல். 10, 11 வயதுக்கும் எளிதாகப் புரியும். அசைபோடாத பிள்ளை அதற்குப் பதில் என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வதால் ஆலோசகருக்கு இதில் கூடுதல் பயன் உண்டு.

*பி.டி.கியூ.* (பெர்செவரேட்டிவ் திங்கிங் கொஸ்சனேர்) 2011-இல் தாமஸ் ஏரிங் குழுவினர் வெளியிட்டது, என் முதல் தேர்வும் இதுவே. காரணம், இது எண்ணம் எதைப் பற்றியது என்று கேட்பதே இல்லை. ஓடும் விதத்தை மட்டும் கேட்கிறது: திரும்பத் திரும்ப வருகிறதா, அழைக்காமல் நுழைகிறதா, விட முடியவில்லையா, ஒரு முடிவுக்கும் வராமல் போகிறதா, மற்ற வேலைக்கு மனதில் இடமில்லாமல் செய்கிறதா. 15 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 0 முதல் 60. நேற்றைய சண்டையையும் நாளைய தேர்வையும் ஒரே கருவி பிடித்துவிடும். சோகமும் இதில் அவ்வளவாகக் கலப்பதில்லை. 2015-இல் பெல்ஜிய ஆய்வாளர் பாட்ரிசியா பைட்டபியர் குழுவினர் இதன் சிறுவர் வடிவத்தைச் சோதித்து வெளியிட்டார்கள்.

*கவலைக்கு பி.எஸ்.டபிள்யூ.கியூ.-சி.* (பென் ஸ்டேட் வொரி கொஸ்சனேர்) 1997-இல் புரூஸ் சோர்பிடா குழுவினர் செய்த சிறுவர் வடிவம். 14 வாக்கியங்கள், 0 முதல் 3, மொத்தம் 42. இதில் 2, 7, 9 ஆகிய மூன்றும் தலைகீழாக எழுதப்பட்டவை, அதாவது அவற்றை ஒப்புக்கொண்டால் கவலை குறைவு என்று பொருள். அந்த மூன்றும் பிள்ளைகளைக் குழப்புகின்றன என்று அவற்றை நீக்கிய 11 வாக்கிய வடிவமும் புழக்கத்தில் உண்டு. தமிழில் கொடுப்பதானால் அந்த 11-ஐயே நான் பரிந்துரைப்பேன். காரணம் அடுத்த படியில்.

சமாளிக்கும் வழிகள் பலவற்றை ஒருசேரப் பார்க்க விரும்புவோருக்கு, நெதர்லாந்தின் கார்னெஃப்ஸ்கி குழுவினர் 2001-இல் வெளியிட்ட 36 வாக்கிய அளவுகோல் இருக்கிறது. அதன் 9 பிரிவுகளில் அசைபோடுதலும் ஒன்று, ஆனால் அதற்கு 4 வாக்கியங்களே. இதை மட்டும் நம்பி ஒரு பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது.

கருவி எதுவானாலும் உருவாக்கியவருக்கோ உரிமை வைத்திருப்பவருக்கோ எழுதி அனுமதி வாங்குங்கள். ஏற்கெனவே தமிழாக்கம் இருக்கிறதா என்று அவரையே கேட்டுவிடலாம்.

மூன்றாம் படி: தமிழில் கொண்டுவருவது

அவசரத்தில் பலரும் தாண்டிப்போகும் படி இது. அளவீடு கெட்டுப்போவதும் பெரும்பாலும் இங்கேதான். வழக்கமான முறை இது: ஒருவரை ஒருவர் கலக்காமல் இருவர் தமிழாக்க வேண்டும். இரண்டையும் வைத்து ஒரு பொது வடிவம் எழுத வேண்டும். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு ஒரு குழு உட்கார்ந்து வரிவரியாக ஒப்பிட வேண்டும். இதெல்லாம் தேவைதான், ஆனால் போதாது. மறுமொழிபெயர்ப்பில் அப்பழுக்கில்லாமல் தேறும் வாக்கியம்கூட எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாமல் போகலாம்.

உதாரணமாக, “எண்ணங்கள் என்னை ஆட்கொள்கின்றன” என்று எழுதினால் மொழிபெயர்ப்பாளர்கள் தலையாட்டுவார்கள். பிள்ளைக்கோ அது சாமி பாட்டில் கேட்ட சொல். “சோர்வாக உணர்கிறேன்” என்றால் விளையாட்டு வகுப்புக்குப் பிறகு வரும் களைப்பு என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. “என்னால் அந்த நினைப்பை விட முடியவில்லை”, “வேண்டாம் என்று நினைத்தாலும் அதே நினைப்பு வருகிறது” போன்ற எளிய வாக்கியங்கள் இரண்டு இடத்திலும் தேறும். எழுத்துத் தமிழ்தான், ஆனால் வாய்விட்டுப் படித்தால் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மதுரையில் சரிபார்த்த வடிவத்தை யாழ்ப்பாணத்துப் பள்ளியில் அப்படியே கொடுக்காதீர்கள். சேர்ந்து அசைபோடுதல் வினாத்தாளில் “பேசுவது” என்று வரும் இடமெல்லாம் அங்கே “கதைப்பது” என்று இருந்தால்தான் இயல்பாக இருக்கும்.

தலைகீழ் வாக்கியங்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. “நான் எதைப் பற்றியும் கவலைப்படுவதில்லை” என்ற வாக்கியத்துக்கு எதிரே “ஒருபோதும் இல்லை” என்ற கட்டம் இருந்தால், இரண்டு எதிர்மறைகளையும் சேர்த்து அர்த்தம் பண்ணப் பெரியவர்களுக்கே நேரமாகும். பிள்ளைகள் பாதிப் பேர் ஒரு பக்கமும் மீதிப் பேர் மறுபக்கமும் விழுவார்கள், உள்ளிசைவு எண் சரிந்துபோகும்.

எவ்வளவு அடிக்கடி என்று கேட்கும் சொற்களையும் சோதியுங்கள். “ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில நேரம், அடிக்கடி, கிட்டத்தட்ட எப்போதும்” என்ற ஐந்தையும் தனித்தனிச் சீட்டில் எழுதிக் குலைத்துக் கொடுத்து, வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். “எப்போதாவது”, “சில நேரம்” இரண்டும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் உங்கள் அளவுகோலில் கோடு அழிந்திருக்கிறது என்று அர்த்தம். “வாரத்தில் ஒருநாள்”, “வாரத்தில் பல நாள்” என்று விளக்கம் சேர்த்து மாற்றிப் பாருங்கள். மாற்றினால் அதை அறிக்கையில் சொல்லவும் வேண்டும்.

கடைசியாக, வெவ்வேறு வகுப்பைச் சேர்ந்த எட்டுப் பத்துப் பிள்ளைகளோடு ஒவ்வொருவராக உட்காருங்கள். வாக்கியத்தைப் படிக்கச் சொல்லி, “இதுல என்ன கேக்குறாங்கன்னு நீ நினைக்கிற? உன் வார்த்தையில சொல்லு” என்று கேளுங்கள். பதில் தேடும்போது எந்தச் சம்பவம் நினைவுக்கு வந்தது என்றும் கேளுங்கள். தமிழ்வழிப் பள்ளி, ஆங்கிலவழிப் பள்ளி இரண்டிலிருந்தும் பிள்ளைகள் இருக்கட்டும். ஆங்கிலவழிப் பிள்ளைகள் பலர் தமிழில் உணர்வார்கள், ஆனால் தமிழ் எழுத்தைத் தட்டுத்தடுமாறிப் படிப்பார்கள். அவர்களுக்கு நீங்களே வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

நான்காம் படி: சம்மதமும் பாதுகாப்பும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, 18 வயதுக்கு உட்பட்டவர்களிடம் ஆய்வு செய்யப் பெற்றோரின் சம்மதம் தேவை. 7 முதல் 12 வயதுவரை பிள்ளையின் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் எழுத்து இசைவும் வேண்டும். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பது இவை எதற்கும் ஈடாகாது. “வேண்டாம்னா எழுத வேண்டாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்பதைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வகுப்பே எழுதும்போது ஒரு பிள்ளை மட்டும் எழுந்து போவது கடினம். எழுத விரும்பாதவர்களுக்கு அதே தாள் அளவில் வண்ணம் தீட்டவோ படிக்கவோ ஏதாவது கொடுத்தால் யார் எழுதினார்கள் என்பது தெரியாது.

வினாத்தாளை எடுப்பதற்கு முன்பே, ஆபத்தான பதில் வந்தால் என்ன செய்வது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். அசைபோடுதல் அளவுகோல்கள் தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்பதில்லை. ஆனால் பிள்ளைகள் ஓரத்தில் எழுதுவார்கள். கூடவே மனச்சோர்வு வினாத்தாள் கொடுத்தால், குறிப்பாக ஒன்பதாம் கேள்வியில் சாவு, சுயதீங்கு பற்றிக் கேட்கும் பி.எச்.கியூ.-9 போன்றதைக் கொடுத்தால், அந்தப் பதில்களை அன்று மாலைக்குள் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கணினியில் ஏற்றும்போது பார்ப்பதாக இருந்தால் அந்தக் கேள்வியையே கேட்காதீர்கள். சந்தேகம் வந்தால் பிள்ளையைத் தனியே அழைத்து, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, சிறுவர் உதவிக்கு 1098, இலங்கையில் 1926 ஆகிய எண்களைத் தாளின் கடைசிப் பக்கத்தில் எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுங்கள். எங்கே ரகசியம் காக்க முடியாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: உயிருக்கு ஆபத்து என்றால் ஒரு பெரியவரிடம் சொல்லத்தான் வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: வகுப்பறையில்

பொதுத்தேர்வு மாதமான மார்ச்சிலும், முடிவு வரும் வாரத்திலும் எடுக்காதீர்கள். தேர்வு நேரத்து எண்ண ஓட்டமே உங்கள் கேள்வி என்றால் மட்டும் அது விதிவிலக்கு. “டெஸ்ட்” என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. வகுப்பாசிரியர் அறையில் இருக்கக் கூடாது, தாளைச் சேகரிக்கவும் கூடாது. உறையில் போட்டு ஒட்டி நேராக உங்கள் பெட்டியில் போடட்டும். ஒருவர் தாள் ஒருவருக்குத் தெரியாத அளவுக்கு இடைவெளி விட்டு உட்கார வையுங்கள்.

பல வினாத்தாள்கள் இருந்தால் எண்ண ஓட்டத்தைக் கேட்பதை முதலில் வையுங்கள், மனச்சோர்வைப் பின்னால் வையுங்கள். சோகத்தைப் பற்றி 20 கேள்விக்குப் பதில் சொன்ன மனநிலையோடு அடுத்ததற்குப் போனால் எண்ணம் கூடுதலாகக் காட்டும். முடிவில் மனதை லேசாக்கும் ஒரு சின்ன வேலையோடு அனுப்புங்கள்.

ஆறாம் படி: மதிப்பெண் போடுவது

பி.டி.கியூ.வை எடுத்துக்கொள்வோம். 1, 2, 3, 6, 7, 8, 11, 12, 13 ஆகிய ஒன்பதும் சுழலின் மையக் குணங்கள், அதிகபட்சம் 36. பயனின்மைக்கு 4, 9, 14, அதிகபட்சம் 12. மனதின் இடத்தைப் பிடித்துக்கொள்வதற்கு 5, 10, 15, அதிகபட்சம் 12.

கற்பனையாக ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவனுக்கு 22, 9, 10 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 41. பிரிவுகளின் அளவு வேறுபடுவதால் வாக்கியச் சராசரியாக மாற்ற வேண்டும்: 2.4, 3.0, 3.3. எண்ணம் வருவதைவிட, வந்த எண்ணம் படிப்புக்கும் பேச்சுக்கும் இடமில்லாமல் அடைத்துக்கொள்வதே இவனுக்குப் பெரிய தொல்லை. ஆலோசகருக்குப் பேச்சைத் தொடங்க ஒரு முனை கிடைத்துவிட்டது. மூன்று மூன்று வாக்கியங்களே உள்ள பிரிவுகள் என்பதால் இதற்கு மேல் அந்த எண்களை நம்பி எதையும் கட்டக் கூடாது. 41 என்றால் நோய் என்று சொல்லும் எல்லைக்கோடு எதுவும் இல்லை. வேறு நாட்டு ஆய்வில் வந்த சராசரியைக் கொண்டுவந்து இங்கே கோடாகப் போடுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

ஒன்றிரண்டு கேள்வி விடுபட்டிருந்தால் எழுதியவற்றின் சராசரியை 15-ஆல் பெருக்கலாம். 14 கேள்விக்கு 28 வந்திருந்தால் சராசரி 2, மொத்தம் 30. அதற்கு மேல் விடுபட்டால் அந்தத் தாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஆனால் எந்தக் கேள்வியைப் பிள்ளை தவிர்த்தது என்று பாருங்கள். இந்த அளவுகோலில் தலைகீழ் வாக்கியம் இல்லாததால், எல்லாவற்றுக்கும் “2” போட்டுவிட்டுப் போன பிள்ளையை முரண்பாட்டை வைத்துப் பிடிக்க முடியாது. ஒரு நிமிடத்துக்குள் கொடுத்த தாள்களில் மூலையில் ஒரு குறி போட்டு வையுங்கள்.

ஆய்வு செய்பவர்களுக்கு இரண்டே சொல். உங்கள் மாதிரியிலேயே உள்ளிசைவைக் கணக்கிடுங்கள். 0.70-க்குக் கீழே போனால் தமிழாக்கத்துக்குத் திரும்புங்கள். ஆண், பெண் சராசரியை ஒப்பிடும் முன், அளவுகோல் இரு பாலாரிடமும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று காரணிப் பகுப்பாய்வில் (எந்தெந்த வாக்கியங்களுக்கான பதில்கள் ஒன்றாக நகர்கின்றன என்று பார்க்கும் புள்ளியியல் முறை) சோதியுங்கள். “எனக்கு அழுகை வருகிறது” போன்ற வாக்கியத்தை ஒரு பையன் ஒப்புக்கொள்வதும் பெண் ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல.

ஏழாம் படி: பேசிப் பார்ப்பது

எண் அதிகமாக வந்த பிள்ளையோடு, முடிந்தால் நடுவில் வந்த சிலரோடும், அரைமணி நேரமாவது பேசுங்கள். உள்ளடக்கத்தைத் தோண்டாமல் ஓட்டத்தைக் கேட்பதே இங்கும் வழி.

“அந்த நினைப்பு எப்பல்லாம் வருது? படுக்கும்போதா, படிக்கும்போதா?” “வந்தா எவ்வளவு நேரம் இருக்கும்?” “எப்படி நிக்குது, தானா நின்னுடுமா, யாராவது கூப்பிட்டாத்தான் நிக்குமா?” “அப்படி யோசிச்சதுல ஏதாவது வழி கிடைச்சிருக்கா?” “யோசிக்காம விட்டுட்டா என்ன ஆகும்னு தோணுது?” கடைசிக் கேள்விக்கு வரும் பதில் மிக முக்கியம். யோசித்துக்கொண்டே இருந்தால்தான் அடுத்த முறை தப்பு நடக்காது என்று நம்பும் பிள்ளைக்கு, இந்தச் சுழல் ஒரு கடமை. அந்த நம்பிக்கையைத் தொடாமல் “ரொம்ப யோசிக்காதே” என்று சொல்வது வீண்.

எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் வாட்கின்ஸ் ஆய்வுகள் காட்டிய வேறுபாடு ஒன்றை இங்கே கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். “நான் ஏன் இப்படி இருக்கிறேன்?” என்று பொத்தாம்பொதுவாக ஓடும் எண்ணம் உள்ளே இழுக்கிறது. “அன்று அவள் என்ன சொன்னாள், நான் என்ன சொன்னேன், அடுத்து என்ன செய்யலாம்?” என்று குறிப்பாக ஓடும் எண்ணம் வெளியே வழி தேடுகிறது. பிள்ளை பேசும்போது எத்தனை “ஏன்”, எத்தனை “எப்படி” என்று காதில் விழும். ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பிள்ளைகள் இந்த இடத்தில்தான் பிரிவார்கள்.

நடுவில் உடம்பு மொழியும் வரும். “நெஞ்சு அடைக்குது”, “தலை பாரமா இருக்கு” என்பதை விஷயத்தை மாற்றுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எப்போது அடைக்கிறது என்று கேட்டால் அதே எண்ணத்தின் நேரம்தான் வரும்.

எட்டாம் படி: அன்றாடத்தில் அளப்பது

வினாத்தாள் நினைவைக் கேட்கிறது. நினைவோ அன்றைய மனநிலையைப் பொறுத்தது. அதனால் முடிந்தவர்கள் ஒரு வாரத்துக்கு அந்தந்த நேரத்து அளவையும் எடுக்கலாம். பள்ளியில் செல்போன் கூடாது என்பதால் காலை கிளம்பும் முன், பள்ளி விட்டதும், இரவுச் சாப்பாட்டின்போது, படுக்கும் முன் என்று நாளுக்கு 4 முறை, 7 நாளில் 28 குறிப்புகள். கேள்விகள் நான்குக்கு மேல் வேண்டாம்: இப்போது மனம் எப்படி இருக்கிறது, கடந்த சில மணிநேரத்தில் ஒரே நினைப்பு எவ்வளவு ஓடியது, விட முயன்றபோது முடிந்ததா, அப்போது யாரோடு இருந்தாய். முதல் மூன்றுக்கும் 0 முதல் 10 வரை ஒரு எண், கடைசிக்கு ஒரு சொல். போன் இல்லாத வீட்டில் சின்ன நோட்டுப் போதும். அம்மாவோ அண்ணனோ திறந்து பார்க்காதபடி சொற்களுக்குப் பதில் எண்கள் மட்டும் எழுதலாம்.

சராசரியைவிட இதில் வடிவம் பேசும். ஞாயிறு மாலை ஏறி, செவ்வாய்க்குள் இறங்கும் கோடு பள்ளியைக் காட்டுகிறது. தினமும் படுக்கும் நேரத்தில் மட்டும் ஏறும் கோடு தூக்கத்தைக் காட்டுகிறது. சில பிள்ளைகளுக்குக் கேட்கக் கேட்கவே எண்ணம் கிளறும். இரண்டாம் நாளே அப்படிச் சொன்னால் நிறுத்திவிடுங்கள்.

ஒன்பதாம் படி: மறுபடி அளக்கும்போது

பயிற்சிக்குப் பிறகு 41 என்பது 33 ஆனால் மாற்றம்தானா? அளவீட்டுப் பிழையைக் கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் மாதிரியில் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) 10, மறுஅளவீட்டு ஒற்றுமை 0.75 என்று வைத்துக்கொண்டால், 1-இலிருந்து 0.75-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 0.5, பத்தால் பெருக்கினால் பிழை 5. இரண்டு அளவீட்டின் வித்தியாசத்துக்கு அதை 1.41-ஆலும் 1.96-ஆலும் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 14 வரும். ஜேக்கப்சனும் டிருவாக்ஸும் 1991-இல் பரப்பிய கணக்கு இது. எட்டு மதிப்பெண் குறைந்தது நல்ல அறிகுறியாக இருக்கலாம், ஆனால் அந்த ஒரு பிள்ளையைப் பொறுத்தவரை மாறிவிட்டது என்று எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பேச்சும் நாட்குறிப்பும் அதே திசையில் போகின்றனவா என்று சேர்த்துப் பாருங்கள். ஒப்பிடும் குழு இல்லாத ஆய்வில் இன்னும் கவனம் வேண்டும்: மிக அதிகமாக வந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தால், எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை சற்று இறங்கித்தான் வருவார்கள்.

பத்தாம் படி: யாரிடம் என்ன சொல்வது

முதலில் பிள்ளையிடம். எண்ணைச் சொல்வதைவிட, “நீ எழுதினதைப் பார்த்தா, நினைப்பு வந்தா வேற வேலையே ஓடலன்னு தெரியுது, சரிதானா?” என்று அவர்கள் சொன்னதையே திருப்பிக் கொடுங்கள். தப்பென்றால் அவர்களே திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தையும் பதிவில் எழுதுங்கள்.

பெற்றோரிடம் பேசும்போது பிள்ளை எதை நினைத்துக் குமைகிறது என்பதைப் பிள்ளையின் அனுமதி இல்லாமல் சொல்லக் கூடாது. பெரும்பாலான வீட்டில் “போனைப் பாக்குறதாலதான்” என்ற பதில் தயாராக இருக்கும். அதோடு வாதாடாமல், தூக்க நேரம், வீட்டில் மதிப்பெண் பேச்சு நடக்கும் நேரம், மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடும் பேச்சு ஆகிய மூன்றில் என்ன மாற்ற முடியும் என்று கேளுங்கள். தூக்கமும் சாப்பாடும் படிப்பும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பார்க்கும்படி எழுதிக் கொடுங்கள்.

பள்ளி நிர்வாகத்துக்கு வகுப்பளவுச் சுருக்கம் மட்டும் போதும். ஐந்தாறு பேரே உள்ள குழுவின் சராசரியைக் கொடுத்தால் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், எனவே சின்னக் குழுக்களைச் சேர்த்தே காட்டுங்கள். பெயரும் குறியீட்டு எண்ணும் உள்ள பட்டியலைத் தாள்களோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். மாணவர் பள்ளியை விட்டுப் போகும்போது மாற்றுச் சான்றிதழோடு இந்தத் தாள் எதுவும் போகக் கூடாது. எத்தனை ஆண்டு வைத்திருந்து அழிப்பீர்கள் என்பதைச் சம்மதப் படிவத்தில் எழுதிய தேதிப்படியே செய்யுங்கள்.